119-லிருந்து 88-க்கு: ஜாங்கோவின் வரி நீள மாற்றமும் நடை ரிவ்யூவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பைத்தான் உலகில் பரவலாகப் புழங்கும் வலைச் சட்டகமான ஜாங்கோ, 2022 பிப்ரவரியில் தன் மூலநிரல் முழுவதையும், வரி உடைப்பையும் இடைவெளியையும் தானே சீராக்கும் பிளாக் என்ற ஃபார்மேட்டரிடம் ஒப்படைத்தது. அதற்கு முன் ஒரு வரி 119 எழுத்துவரை போகலாம். அதற்குப் பின் வரம்பு 88. எண் மாறியதைவிட, மாற்றிய விதத்தில்தான் மற்ற திட்டங்களுக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

வேலையை ஒரே கமிட்டில் (நிரலின் வரலாற்றில் ஒரே பதிவாகச் சேரும் மாற்றத்தில்) முடிக்கவில்லை. ஃபார்மேட்டரிடம் அப்படியே போனால் கோணலாகிவிடும் நிரலை முதலில் கையால் சீராக்கினார்கள். அடுத்து வந்தது, ஃபார்மேட்டர் மட்டுமே செய்த பெரிய மாற்றம். அது ஓடி முடித்தும் 88-ஐத் தாண்டி நின்ற வரிகளைக் கையால் குறைக்க மூன்றாவதாக ஒரு கமிட்.

வரி நீளத்தை வைத்து ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும்போது, நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை நடுக் கமிட்டுக்கு உரியவை. அவற்றை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மனிதர் பார்க்க வேண்டியது முன்னும் பின்னும் உள்ள இரண்டையும்தான்.

முன்பிருந்த விதி

பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8, 2001-இல் வந்தது. நிரலுக்கு 79 எழுத்து, கமெண்டுக்கும் டாக்ஸ்ட்ரிங்குக்கும் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகளுக்கு) 72 என்கிறது. குழுவினர் ஒத்துக்கொண்டால் நிரல் வரியை 99 வரை நீட்டலாம் என்றும் இடம் விடுகிறது. ஜாங்கோ அதைத் தாண்டியே போனது. 79-க்குள் அடக்கினால் நிரல் அசிங்கமாகும் அல்லது படிக்கச் சிரமமாகும் என்றால் அடக்க வேண்டாம், 119 வரை போகலாம் என்று அதன் பங்களிப்பாளர் கையேடு சொன்னது. 119 ஏன்? நிரலைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பின் ரிவ்யூ பக்கத்தில் அப்போது அவ்வளவுதான் பக்கவாட்டில் உருட்டாமல் தெரிந்தது. கமெண்டுக்கும் டாக்ஸ்ட்ரிங்குக்கும் மட்டும் 79.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான விதி. சிக்கல் "அசிங்கமாகும் என்றால்" என்ற இடத்தில் இருக்கிறது. 95 எழுத்துள்ள ஒரு வரியை உடைப்பதா விடுவதா என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயமாகிறது. நடைப் பிழைகளைச் சுட்டும் கருவியான லிண்டர் 120-இல்தான் கத்தும். 80-க்கும் 119-க்கும் இடைப்பட்ட நிலம் முழுக்க ரிவ்யூ செய்பவரின் ரசனைக்கு உட்பட்டது. ஒருவர் உடைக்கச் சொல்வார், இன்னொருவர் சேர்க்கச் சொல்வார். முதல் பேட்ச் அனுப்பும் புதியவருக்குத் தன் தர்க்கம் பற்றி ஒரு வார்த்தை வருமுன், அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்பது பற்றி நான்கு குறிப்புகள் வந்துசேரும்.

பிளாக்கை ஏற்கும் முன்மொழிவு, ஜாங்கோவின் முறைப்படி டெப் 8 (ஜாங்கோ மேம்பாட்டு முன்மொழிவு 8) என்ற எண்ணில் 2019-இலேயே ஏற்கப்பட்டது. ஆனால் பிளாக் அப்போது பீட்டாவில் இருந்தது. பீட்டா முத்திரை நீங்கிய முதல் வெளியீடான 22.1.0, 2022 ஜனவரி இறுதியில் வந்தது. அடுத்த சில நாட்களில் ஜாங்கோ மாறியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தது சரியான முடிவு. ஃபார்மேட்டரின் நடை நிலைக்காமல் இருந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆயிரக்கணக்கான வரிகள் மறுபடி புரளும். 22.1.0-உடன் பிளாக் ஒரு நிலைத்தன்மைக் கொள்கையையும் கொண்டுவந்தது. ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் நடை மாறாது, மாற்றம் ஜனவரி வெளியீட்டில் மட்டுமே வரும்.

எந்த எண்

80 என்ற எண்ணின் வேர், ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டை. பிறகு 1978-இன் விடி100 போன்ற முனையங்கள் அதையே திரை அகலமாக வைத்துக்கொண்டன. பிளாக்கின் 88 என்பது 80-உடன் பத்து விழுக்காடு கூட்டியது. மற்ற மொழிகளின் ஃபார்மேட்டர்களில் ரஸ்ட்ஃபார்ம்ட்டுக்கு 100, பிரெட்டியருக்கு 80. கூகுளின் ஜாவா வழிகாட்டியில் 100. கோ மொழியின் கோஃபார்ம்ட்டில் வரம்பே இல்லை.

இதில் எது சரி என்று வாதாடுவதைவிட ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920 பிக்சல் அகலத் திரை, ஒரு எழுத்துக்கு 8 பிக்சல் என்றால் 240 நெடுவரிசை. ரிவ்யூ பக்கத்தில் கோப்புப் பட்டியலுக்கு 320 பிக்சல் போனால் மிச்சம் 200. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று டிஃப்பை (மாற்றங்களின் ஒப்பீட்டை) பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு 100. வரி எண்ணுக்கும் கூட்டல் கழித்தல் குறிக்கும் ஆறேழு கழித்தால் 93. வரம்பு 88 என்றால் இதில் அடங்கும், 100 என்றால் மடங்கும், 119 என்றால் பக்கவாட்டு டிஃப்பையே மறந்துவிடலாம். மடிக்கணினித் திரையில் இன்னும் குறையும். உங்கள் குழு எந்தத் திரையில், எந்த டிஃப் வடிவில் பார்க்கிறது என்பதிலிருந்து எண்ணை எடுங்கள்.

எண்ணை முடிவுசெய்யும் முன் இருக்கும் நிரலை அளப்பது அவசியம். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் பின்தொடரும் கோப்புகளின் பட்டியலை எடுத்து, ஆக் என்ற உரைச் செயலாக்கக் கட்டளையால் ஒவ்வொரு வரியின் நீளத்தையும் அச்சிட்டு, வரிசைப்படுத்தி எண்ணினால் போதும். உருவாக்கப்பட்ட கோப்புகளையும் மூன்றாம் தரப்பு நிரலையும் முதலிலேயே விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சுருக்கப்பட்ட ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு கணக்கையே குலைத்துவிடும். தாவல் எழுத்தை ஆக் ஒன்றாகவே எண்ணும், திரையில் அது நான்கோ எட்டோ ஆகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் கமிட்: முன்கூட்டியே சீராக்குதல்

பலர் தவிர்க்கும் படி இது. தவிர்த்தால் ஃபார்மேட்டர் மீது கெட்ட பெயர் வருகிறது. பிளாக் ஒரு கூற்றை முதலில் ஒரே வரியாகச் சேர்த்துப் பார்த்து, வரம்பைத் தாண்டினால் அடைப்புக்குறிகளில் உடைக்கிறது. எழுதியவர் கையால் செய்திருந்த உடைப்புகளுக்கு அங்கே மதிப்பில்லை. அதனால் வழக்கமாகக் கோணலாகும் இடங்கள் சில உண்டு.

ஒன்று, இரண்டு வரியாகப் பிரித்து எழுதிய ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர். மொத்தமும் 88-க்குள் அடங்கினால் பிளாக் வரிகளைச் சேர்த்துவிடும், ஆனால் ஸ்ட்ரிங்குகளை ஒன்றாக்காது. ஒரே வரியில் இரண்டு மேற்கோள் ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றை முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும்.

அடுத்து, பின்சாய்கோட்டால் (\) தொடரும் வரிகள். பிளாக் அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் விடுகிறது. பின்சாய்கோட்டுக்குப் பின் ஒரு வெற்றிடம் தவறி விழுந்தாலே பைத்தானில் தொடரியல் பிழை. எனவே அடைப்புக்குறிக்கு மாற்றுவது எப்படியும் நல்லது. மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒன்று உண்மையா என்று சோதிக்கும் நீளமான அசெர்ட் கூற்றில் நிபந்தனையையும் பிழைச் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இரண்டு உறுப்புள்ள டப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆகிவிடும். காலியில்லாத டப்பிள் எப்போதும் உண்மை. சோதனை என்றென்றும் தேறும். பைத்தான் எச்சரிக்கை தரும், ஆனால் ஆயிரம் வரிப் பதிவில் அதை யார் பார்ப்பது. அடைப்புக்குறி நிபந்தனையைச் சுற்றித் தனியாக, செய்தியைச் சுற்றித் தனியாக வர வேண்டும்.

மூன்றாவது, கடைசிக் காற்புள்ளி. உறுப்புகளின் முடிவில் காற்புள்ளி இருந்தால் பிளாக் அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. வரி எவ்வளவு குட்டையாக இருந்தாலும் உறுப்புக்கு ஒரு வரி.

```
விலை = கணக்கிடு(பொருள், அளவு, வரி,)
```

இது இப்படி ஆகும்:

```
விலை = கணக்கிடு(
    பொருள்,
    அளவு,
    வரி,
)
```

வேண்டாத இடங்களில் காற்புள்ளியை எடுத்துவிட்டு ஓட்டினால் டிஃப் கணிசமாகச் சுருங்கும்.

எண்களை நெடுவரிசையாக ஒழுங்குபடுத்தி எழுதிய அணிகளுக்கு மட்டும் ஃபார்மேட்டரை அணைக்கும் குறிப்பைப் போடலாம். அந்தக் குறிப்பு ஒரு திட்டத்தில் பத்திருபது இடத்துக்கு மேல் வந்தால், எதற்கு ஃபார்மேட்டர் என்று கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கமிட்: படிக்கக் கூடாத டிஃப்

இதில் கையால் தொட்ட ஒரு வரிகூட இருக்கக் கூடாது. "கூடவே ஒரு சின்னத் திருத்தம்" என்று ஒன்றைச் சேர்த்தால், ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் அதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கமிட்டை ரிவ்யூ செய்வதற்குக் கோப்பு கோப்பாகப் படிப்பது வழியல்ல. திரும்பச் செய்து பார்ப்பதே வழி. ரிவ்யூ செய்பவர் அதற்கு நேர் முந்தைய தாய்க் கமிட்டை எடுத்து, அதே பதிப்பு பிளாக்கை நிறுவி, அதே அமைப்புக் கோப்போடு ஓட்டி, வந்ததை அனுப்பப்பட்ட கமிட்டோடு ஒப்பிட வேண்டும். டிஃப் காலியாக இருந்தால் ரிவ்யூ முடிந்தது. காலியாக இல்லாவிட்டால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் அல்லது பதிப்பு வேறு.

பிளாக் தன் பங்குக்கு, மாற்றும் முன்னும் பின்னும் நிரலின் தொடரியல் மரத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேகமாக ஓட வைக்கும் விருப்பத்தைக் கொடுத்தால் இந்தச் சோதனை விடுபடும். முழு மாற்றத்தின்போது அதைக் கொடுக்காதீர்கள். மரம் ஒன்றாக இருந்தாலும் மாறக்கூடியவை உண்டு: டாக்ஸ்ட்ரிங்கின் வெற்றிடங்கள், கமெண்டுகளின் இடம், வரி எண்கள். வரி எண்ணை நம்பியிருக்கும் எதுவும் உடையும். பிழைத்தடத்தை அப்படியே சேமித்து ஒப்பிடும் சோதனைகள், இந்தக் கோப்பின் 40 முதல் 55 வரை காட்டு என்று இழுக்கும் ஆவணங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். மொழிபெயர்ப்புக் கோப்புகளில் இடங்காட்டிக் கமெண்டுகளாக வரி எண்கள் இருந்தால், அடுத்த முறை அவற்றைப் புதுப்பிக்கும்போது டிஃப் முழுக்க எண்களாக இருக்கும்.

கமெண்ட் இடம் மாறுவதில் இன்னொரு வினை ஒளிந்திருக்கிறது. ஒரு வரிக்கு மட்டும் லிண்டரை அடக்கும் குறிப்பு அந்த வரியின் வாலில் இருக்கும். ஃபார்மேட்டர் வரியை ஐந்தாக உடைத்தால் குறிப்பு மூடும் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் போய்விடலாம். பிழை முதல் வரியிலேயே இருக்கும். லிண்டர் திடீரென்று கத்த ஆரம்பிக்கும், அல்லது சோதனைப் பரப்பு அளவீட்டிலிருந்து விலக்கிய பகுதி மறுபடி கணக்கில் சேரும். சில வரிகள் நீளமாவதற்கே அந்தக் குறிப்புத்தான் காரணம் என்பது கூடுதல் வேடிக்கை. ரஃப் என்ற மற்றொரு பைத்தான் கருவியின் ஃபார்மேட்டர் இத்தகைய வால் குறிப்புகளை நீளக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிளாக்கிலிருந்து அது வேண்டுமென்றே விலகும் இடங்களில் இதுவும் ஒன்று.

கிட்ஹப்பில் வெற்றிட மாற்றங்களை மறைத்துவிட்டால் டிஃப் சின்னதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது ஒரே வரிக்குள் நிகழும் மாற்றத்தை மட்டுமே மறைக்கும். ஒரு வரி ஐந்தாகப் பிரிந்தால் அதற்கு அது வேறு நிரல்தான். இப்படிப்பட்ட இடங்களில் கிட்டின் சொல்வாரி டிஃப் உதவும்.

வரலாறும் திறந்திருக்கும் கிளைகளும்

"எல்லா வரியிலும் ஃபார்மேட் செய்தவர் பெயர்தான் வரும்" என்பது பழைய ஆட்சேபம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 இதற்கு வழி செய்தது. புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் முழு 40 இலக்க அடையாளங்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கட்டளையின் அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டினால், பிளேம் அவற்றைத் தாண்டிப் பழைய ஆசிரியரிடம் போகும். களஞ்சியத்தின் மேல்நிலையில் வழக்கமான பெயரில் அந்தக் கோப்பு இருந்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் அதை மதிக்கிறது. ஜாங்கோவிலும் அப்படி ஒரு கோப்பு இருக்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. புல் ரிக்வெஸ்டை (சேர்க்கக் கோரி அனுப்பிய மாற்றத்தை) ஸ்குவாஷ் முறையில், அதாவது கமிட்டுகளை ஒன்றாக்கி, மெர்ஜ் செய்தால் கமிட்டின் அடையாளம் மாறிவிடும். முன்கூட்டியே கோப்பில் எழுதிய அடையாளம் எங்குமில்லாத ஒன்றாகிவிடும். எனவே மெர்ஜ் ஆன பிறகு, முதன்மைக் கிளையில் இருக்கும் அடையாளத்தை எடுத்துத் தனிக் கமிட்டாகச் சேர்க்க வேண்டும். மற்றொன்று, இந்த அமைப்பைத் தன் கணினி முழுமைக்கும் பொதுவாக வைப்பது. அந்தக் கோப்பில்லாத வேறொரு களஞ்சியத்தில் பிளேம் ஓடாமல் பிழை காட்டி நின்றுவிடும். களஞ்சியத்துக்கு மட்டும் அமைப்பதே சரி.

மாற்றம் நடந்த நாளில் இன்னும் இணைக்கப்படாமல் திறந்திருக்கும் கிளைகள்தான் உண்மையான வலி. நேரடியாக மெர்ஜ் செய்தால் தொட்ட கோப்பெல்லாம் கான்ஃபிளிக்ட், அதாவது இருபக்க மாற்றங்களின் மோதல். பின்வரும் வரிசை வேலை செய்கிறது:

1. ஃபார்மேட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட்டை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்யுங்கள். இதில் வரும் கான்ஃபிளிக்ட்கள் உண்மையானவை, கையால் தீர்க்க வேண்டியவை.
2. ஃபார்மேட் கமிட்டிலிருந்து அமைப்புக் கோப்பை மட்டும் எடுத்து, அதே பதிப்பு ஃபார்மேட்டரை உங்கள் கிளையில் ஓட்டிக் கமிட் செய்யுங்கள்.
3. ஃபார்மேட் கமிட்டை "அவர்ஸ்" உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள். நம் பக்கத்து மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரலாற்றை மட்டும் இணைக்கும் உத்தி இது. கான்ஃபிளிக்டில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும், இதே பெயருடைய விருப்பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.
4. பிறகு முதன்மைக் கிளையின் நுனியை வழக்கம்போல மெர்ஜ் செய்யுங்கள்.

மூன்றாம் படியில் நுனியைக் கொடுத்துவிட்டால், ஃபார்மேட்டுக்குப் பின் மற்றவர்கள் செய்த வேலையெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இந்த ஒரு படியை இருவராகச் சேர்ந்து செய்தால் தவறில்லை.

பழைய வெளியீட்டுக் கிளைகளைப் பராமரிப்பவர்கள் அவற்றையும் ஃபார்மேட் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றையும் பின்னோக்கிக் கொண்டுபோகும்போது, அவசரமான நேரத்தில், வரி உடைப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது கமிட்: மிஞ்சிய வரிகள்

பிளாக் இயல்பாக ஸ்ட்ரிங்கையும் கமெண்டையும் உடைப்பதில்லை. அடைப்புக்குறி இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. அதனால் ஓட்டி முடித்தபின் வரி நீளம் மிஞ்சியதற்கான ஈ501 என்ற குறியீட்டோடு லிண்டர் காட்டும் பட்டியல் காலியாக இருக்காது. இந்தப் பட்டியலைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருவியால் முடியாததெல்லாம் இங்கே வந்து குவிந்திருக்கிறது.

அதிகம் வருவது ஸ்ட்ரிங். அதிகம் பிழை வருவதும் அதில்தான். பைத்தானில் அடுத்தடுத்து வரும் இரு ஸ்ட்ரிங்குகள் தானாக ஒட்டிக்கொள்ளும். நீளமான செய்தியை உடைக்கும்போது முதல் துண்டின் கடைசி வெற்றிடம் விடுபட்டால் இரு சொற்கள் ஒட்டிவிடும். அது வெறும் அழகுக் குறை என்று விட முடியாது. செய்தி மொழிபெயர்ப்புக்குப் போவதாக இருந்தால், மூல ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்து மாறினாலும் மொழிபெயர்ப்புக் கோப்பில் அதற்கு இணை கிடைக்காது. பயனருக்கு மொழிபெயர்ப்புக்குப் பதில் மூலமொழிச் செய்தி தெரியும். சோதனைகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

பட்டியலுக்குள் இதே ஒட்டுதல் இன்னும் மோசம்:

```
நிறங்கள் = [
    "சிவப்பு",
    "பச்சை"
    "நீலம்",
    "மஞ்சள்",
]
```

கண்ணுக்கு நான்கு நிறம். நிரலுக்கு மூன்று, அவற்றில் ஒன்று "பச்சைநீலம்". ரிவ்யூவில் இதைப் பிடிக்க ஒரு வழக்கம் உதவுகிறது. பட்டியலுக்குள் வேண்டுமென்றே ஒட்டும் ஸ்ட்ரிங்கை எப்போதும் தனி அடைப்புக்குறிக்குள் போடுவது. அதன்பின் அடைப்புக்குறி இல்லாமல் ஒட்டி நிற்பது எதுவானாலும் பிழை. பைலிண்ட் என்ற லிண்டரில் வரி தாண்டிய ஒட்டுதலையும் பிடிக்கும் விருப்பம் உண்டு. இயல்பில் அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும்.

நிரல் ஓடும்போது எழுதும் பதிவுச் (லாக்) செய்திகளை உடைக்கலாமா என்ற கேள்விக்கு லினக்ஸ் கெர்னலின் விதி தெளிவானது: பயனருக்குத் தெரியும் ஸ்ட்ரிங்கை உடைக்கவே கூடாது, உடைத்தால் கிரெப் என்ற தேடல் கட்டளையால் தேட முடியாது. இரவு நேரத்தில் பதிவில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து, அதை நிரலில் தேடியவருக்கு இதன் அருமை தெரியும். 88-ஐத் தாண்டுகிறதே என்று கவலைப்படுவதைவிட அந்த ஒரு வரிக்கு விலக்குக் கொடுப்பது மேல். இடைப்பட்ட வழியும் உண்டு. ஒருவர் தேடக்கூடிய சொற்றொடரை முழுதாக ஒரே வரியில் வைத்து, மாறி மதிப்புகள் தொடங்கும் இடத்தில் உடைப்பது.

கமெண்டில் வரும் நீண்ட இணைய முகவரியைப் பற்றிக் கவலை வேண்டாம். வெற்றிடமே இல்லாத ஒரே துண்டு தனி வரியில் இருந்தால் பைகோட்ஸ்டைல் என்ற லிண்டர் அதை மன்னித்துவிடுகிறது. முகவரிக்கு முன் ஒரு சொல் சேர்த்தால் மன்னிப்புப் போய்விடும். எனவே விளக்கம் ஒரு வரி, முகவரி அடுத்த வரி.

பிறகு ஆழமான உள்தள்ளல். நான்கு எழுத்து உள்தள்ளலில் ஐந்து நிலை உள்ளே போனால் 20 நெடுவரிசை காலி. வகுப்புக்குள் மெத்தட், அதற்குள் சுற்று, அதற்குள் நிபந்தனை, அதற்குள் பிழை பிடிப்பு. இங்கே வரி நீளம் காய்ச்சல் மட்டுமே, நோய் வேறு. எதிர்மறை நிபந்தனையை மேலே எழுதி முன்கூட்டியே திரும்புவது, சுற்றின் உட்பகுதியைத் தனி ஃபங்ஷன் ஆக்குவது என்று செய்தால் வரி தானாகக் குட்டையாகும். ஆனால் இது நடத்தையைத் தொடும் மாற்றம். மூன்றாவது கமிட்டில் நைசாகச் சேர்க்காமல் சோதனையோடு தனிப் புல் ரிக்வெஸ்டாக வர வேண்டும். அதுவரை அந்த வரிக்கு விலக்கு.

வரம்புக்குள் வர மாறியின் பெயரைச் சுருக்குவதுதான் மிக மோசமான தீர்வு. டிஃப்பில் பெயர் குட்டையாகி வரி ஒன்றானதைப் பார்த்தால் ரிவ்யூவில் அங்கேயே நிறுத்துங்கள். பதிலுக்கு இடைக் கணக்குக்கு ஒரு பெயர் கொடுத்து இரண்டு கூற்றாக எழுதச் சொல்லுங்கள். அப்படி வரும் பெயர் கமெண்டின் வேலையையும் செய்யும்.

வேறு மொழிகளில் வரி உடைப்பே பொருளை மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ரிட்டர்ன் என்ற சொல்லுக்குப் பின் வரி மாறினால் அங்கேயே அரைப்புள்ளி இருப்பதாக மொழி எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இருக்கும் மதிப்பு திரும்பாது. கோ மொழியில் கூட்டல் போன்ற குறி வரியின் முடிவில் இருக்க வேண்டும், அடுத்த வரியின் தொடக்கத்தில் போட்டால் தொகுக்காது.

எதை எண்ணுகிறது கருவி

தமிழ் ஸ்ட்ரிங்குகள் உள்ள நிரலில் ஒரு கருவி வரி நீளம் என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொல்லும். காரணம் எளிது. "தமிழ்" என்பதில் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு குறிகள் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 வடிவில் குறிக்கு மூன்று பைட்டாக 15. பைகோட்ஸ்டைல் எண்ணுவது ஐந்து. பைட் கணக்கில் ஓடும் ஆக் சொல்வது 15. பிளாக்கும் ரஃப்பும் இப்போது திரை அகலத்தைப் பார்ப்பவை, புள்ளி போன்ற குறிகளுக்கு அகலம் இல்லை என்று கொள்பவை. நீண்ட தமிழ்ச் செய்தியில் இந்த வேறுபாடு பத்திருபதைத் தொடும். ஃபார்மேட்டர் திருப்தியாகி, லிண்டர் மட்டும் அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள். செய்திகளைத் தனிக் கோப்புக்கு நகர்த்தி, அந்தக் கோப்புக்கு மட்டும் ஈ501-ஐ அணைப்பதே குறைந்த தொல்லை.

லிண்டரும் ஃபார்மேட்டரும் ஒரே பேச்சு பேச

ஃபிளேக்8 என்ற லிண்டரின் இயல்பு வரம்பு 79. பிளாக்கோடு சேர்த்தால் 88 ஆக்க வேண்டும். முக்காற்புள்ளி போன்றவற்றுக்கு முன் வெற்றிடம் கூடாது என்னும் ஈ203 விதியையும் அணைக்க வேண்டும், ஏனெனில் துண்டாக்கும் கூற்றில் முக்காற்புள்ளிக்கு முன் பிளாக் வெற்றிடம் விடும். இதை "இக்னோர்" என்ற அமைப்பில் எழுதினால் இயல்பாக அணைந்திருக்கும் பட்டியல் முழுவதும் அழிந்து, கூட்டல் போன்ற குறிக்கு முன் வரியை உடைக்கக் கூடாது என்னும் டபிள்யூ503 உயிர்த்தெழும். அது பிளாக்கின் நடைக்கு நேர் எதிரானது. "எக்ஸ்டெண்ட் இக்னோர்" என்பதில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் தளர்வு வேண்டுமென்றால் ஃபிளேக்8-க்கான பக்பேர் நீட்சியின் பி950 விதி இருக்கிறது. வரம்பைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால் மட்டுமே அது பேசும்.

லினக்ஸ் கெர்னல் வேறு பாதையில் போனது. 2020 மே மாதம் செக்பேட்ச் கருவியின் எச்சரிக்கை எல்லை 80-லிருந்து 100 ஆனது, நடை ஆவணம் 80-ஐயே விருப்ப எல்லையாக வைத்துக்கொண்டது. தாண்டினால் படிக்க எளிது என்றால் தாண்டலாம். அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு துணை அமைப்பையும் காவல் காக்கும் இடத்தில் இது ஓடும். பங்களிப்பவர்கள் வந்துபோகும் திட்டத்தில், ஜாங்கோவின் பழைய 119 விதிக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

பதிப்பு ஒற்றுமையில் பலர் சறுக்குகிறார்கள். ப்ரீ-கமிட் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) அமைப்பில் ஒரு பதிப்பு, சி.ஐ.யில் (அனுப்பிய மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) இன்னொன்று, எடிட்டரின் நீட்சிக்குள் மூன்றாவது. சேமித்தால் ஒரு மாதிரி, கமிட் செய்தால் வேறு மாதிரி என்று ஒரே வரி ஊசலாடும். துல்லியமான பதிப்பு எண்ணை மூன்று இடத்திலும் பூட்டுங்கள். சி.ஐ.யில் சரிபார்க்கும் விருப்பத்தில் மட்டும் ஓட்டுங்கள், அங்கே கோப்பைத் திருத்த வேண்டாம். ரஃப்புக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஃபார்மேட்டர் இறக்குமதிகளை வரிசைப்படுத்தாது. அதற்கு ரஃப் லிண்டரின் "ஐ" என்ற விதித்தொகுதியைத் திருத்தும் விருப்பத்தோடு முதலில் ஓட்டிவிட்டு, பிறகு ஃபார்மேட்டை ஓட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ரிவ்யூவில் நடை பற்றிச் சொல்ல மிஞ்சுவது கொஞ்சம்: பெயர்கள், கமெண்ட் உண்மையைச் சொல்கிறதா, ஃபங்ஷன் ஒரு வேலையைச் செய்கிறதா, புதிதாக விலக்கு வாங்கிய வரிகளுக்குக் காரணம் எழுதியிருக்கிறதா. ஒரே நடைக் குறிப்பு மூன்று புல் ரிக்வெஸ்டில் வந்துவிட்டால் அதை லிண்டர் விதியாக்குங்கள். ஆக்க முடியாவிட்டால் சொல்வதை நிறுத்துங்கள்.

ஜனவரியில் பிளாக்கின் புதிய வெளியீடு வரும்போது பதிப்பு உயர்வையும் அதனால் வரும் மறுஃபார்மேட்டையும் வேறெதுவும் கலக்காத ஒரே கமிட்டில் வையுங்கள். மெர்ஜ் ஆனதும் அதன் அடையாளத்தையும் புறக்கணிப்புக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.